ஜங்லி மகராஜ் சாலையின் எண்கள்

மழை பிடித்துப் புனேயின் சாலைகள் குண்டும் குழியுமாக ஆனதும் ஒரு பழைய கதை பத்திரிகைகளில் தவறாமல் தலைகாட்டும். 1973-இல் கொட்டிய மழையில் நகரத்துச் சாலைகள் பெயர்ந்து போயின. அப்போது மாநகராட்சி நிலைக்குழுவின் தலைவராக இருந்த இளைஞர் ஸ்ரீகாந்த் ஷிரோளே, நம்மைவிட அதிக மழை பெய்கிற மும்பையில் சாலைகள் எப்படித் தாங்குகின்றன என்று விசாரித்தார். ரெகாண்டோ என்ற நிறுவனத்தின் பெயர் கிடைத்தது. இரண்டு பார்சி சகோதரர்கள் நடத்தியது. ஜங்லி மகராஜ் சாலையை 15 லட்சம் ரூபாய்க்குப் போட்டுத் தருவதாகவும், 10 ஆண்டுக்குள் குழி விழுந்தால் சொந்தச் செலவிலேயே சரிசெய்வதாகவும் அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 1976 ஜனவரி 1-ஆம் தேதி சாலை திறக்கப்பட்டது. பாதாளேசுவரர் குடைவரைக் கோயிலையும் ஜங்லி மகராஜின் சமாதியையும் ஒட்டிப் போகும் அந்தச் சாலை, உத்தரவாதக் காலம் முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் குழி விழாத சாலை என்று பெயர் வாங்கிவிட்டது. போட்டவர்களுக்கு மட்டும் மாநகராட்சியில் அடுத்த வேலை கிடைக்கவில்லை என்று கதை முடியும். ஒழுங்காக வேலை செய்தவனுக்கு இங்கே பிழைப்பு ஏது என்ற பெருமூச்சோடு கேட்பவர் எழுந்து போவார்.

சுவையான கதைதான், அதன் சாரத்தை மறுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அதில் வருகிற எண்களைத் தனியே எடுத்துவைத்துப் பாருங்கள். 15 லட்சம், 10 ஆண்டு. இரண்டுமே ஒப்பந்தத் தாளின் எண்கள். சாலையின் எண் ஒன்றுகூடக் கதையில் இல்லை. திறந்த நாளில் அதன் மேல்பரப்பு எவ்வளவு சமமாக இருந்தது, 1986-இல் எவ்வளவு மாறியது, அடியில் ஜல்லி எத்தனை அங்குலம், நாளொன்றுக்கு எத்தனை பேருந்தும் லாரியும் ஓடின, எத்தனை முறை குழாய்க்காகத் தோண்டினார்கள், மழைநீர் எந்தப் பக்கம் வடிந்தது என்று கதை சொல்லுகிற யாரும் சொல்வதில்லை. ஆகவே அந்தச் சாலை ஏன் நின்றது என்பதற்கு ஆளுக்கொரு விடை இருக்கிறது: தார்க் கலவை, பார்சிகளின் நாணயம், அரசியல் தலையீடு இல்லாமை, நல்ல வடிகால். எதை எடுத்துக்கொண்டாலும் மறுப்பதற்கு வழியில்லை, நிறுவுவதற்கும் வழியில்லை. நகரத்தின் மற்ற சாலைகளுக்கு அதிலிருந்து கிடைத்தது புகழ்ச்சி மட்டும்தான்.

இப்படி ஆனதற்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கம் இருக்கிறது. பணம் எண்ணிக் கொடுக்கிற இடத்தில் நம் பொதுப்பணித் துறை, ஒருவர் எடுத்த அளவை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியை வெகு காலத்துக்கு முன்பே ஏற்றுக்கொண்டது. சாலை எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை எடுத்த அளவு போதும் என்று விட்டுவிட்டது. இடையில் கருவிகள் எத்தனையோ முறை மாறிவிட்டன. சாலையின் நிலை பற்றிய தகவலின் தரத்தைத் தீர்மானிப்பது கருவி என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். என் கருத்தில் அதைத் தீர்மானிப்பது, அதே இடத்தை வேறொரு கை மறுபடி அளக்கிறதா, பழைய அளவு பத்திரமாக இருக்கிறதா என்ற இரண்டு விஷயங்கள்தான்.

இதை எடுத்துப் பேசப் புனே பொருத்தமான ஊர். 1830 நவம்பரில் பம்பாய் ஆளுநர் ஜான் மால்கம் போர்காட் மலைச்சாலையைத் திறந்துவைத்த பிறகுதான் கடற்கரையிலிருந்து வண்டிச் சக்கரம் தக்காண மேட்டுக்கு ஒழுங்காக ஏறத் தொடங்கியது. கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் பொதுப்பணித் துறை உருவான அதே நாட்களில், 1854-இல், அந்தத் துறைக்கு வேண்டிய கீழ்நிலை அலுவலர்களைத் தயாரிக்கப் புனேயில் ஒரு பள்ளி தொடங்கியது; அதுதான் பின்னால் புகழ்பெற்ற பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. அப்படிப்பட்ட ஓவர்சியர்களின் வாழ்க்கை முழுவதும் கூடவே வந்த பொருள் அளவுப் புத்தகம். இன்றும் கான்ட்ராக்டர்கள் வாயில் அது எம்-புக். பக்கங்களுக்கு வரிசை எண் உண்டு, கிழித்தால் தெரிந்துவிடும். மையில்தான் எழுத வேண்டும். சுரண்டி அழிக்கக் கூடாது. தவறு நேர்ந்தால் கோடு போட்டு அடித்து, சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதிச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். கீழே இருப்பவர் அளந்து எழுதியதில் ஒரு பகுதியை மேலதிகாரி தானே நேரில் போய் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பில். எம்-புக் இருந்தும் ஊழல் நடக்கவில்லையா என்றால், தாராளமாக நடந்தது. ஆனால் ஏமாற்றுவதற்குக் குறைந்தது இரண்டு பேர் கூட்டுச் சேர வேண்டியிருந்தது. யாருடைய நாணயத்தையும் நம்பாமல் கட்டப்பட்ட ஏற்பாடு அது, அதனால்தான் நிலைத்தது. அளந்தது எதை என்பதுதான் குறை. கொட்டிய ஜல்லியின் கன அடியையும் பரப்பிய நீள அகலத்தையும் எம்-புக் அறியும். போட்டு முடித்த சாலை ஐந்து ஆண்டு கழித்து எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அப்படியொரு புத்தகம் திறக்கப்படவே இல்லை.

மோட்டார் வந்த பிறகும் இதுதான் தொடர்ந்தது, அதிலும் புனேக்கு ஒரு தொடர்பு உண்டு. பல்கலைக்கழக வளாகத்தில் ஜெயகர் நூலகம் என்று ஒன்று இருக்கிறது. முகுந்த் ராம்ராவ் ஜெயகர் புனே பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். நூலகத்துக்குப் போகிற மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, இந்தியச் சாலைகளின் நவீன வரலாறு அவர் பெயரில்தான் தொடங்குகிறது. 1927-இல் அமைக்கப்பட்ட சாலை மேம்பாட்டுக் குழுவுக்கு அவர் தலைவர். மறு ஆண்டு வந்த அறிக்கையின் பலனாகப் பெட்ரோல் மீது காலனுக்கு இரண்டு அணா கூடுதல் வரி விதித்து 1929-இல் மத்திய சாலை நிதி உருவானது. 1934-இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ். அந்தச் சிந்தனையின் நீட்சியாக 1952-இல் டெல்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம். பணம் வந்தது, நிபுணர் அவை வந்தது, ஆய்வுக்கூடமும் வந்தது. ஆனால் பணத்தைப் பங்கு பிரித்த முறையைப் பாருங்கள். எந்த மாகாணத்தில் எவ்வளவு பெட்ரோல் செலவாகிறதோ அந்த விகிதத்தில் நிதி. சாலை எங்கே எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது கணக்கிலேயே வரவில்லை. குழுவைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்ரோலை அளக்க முடிந்தது, சாலையின் சீர்கேட்டை அளக்க அன்றைக்கு ஒப்புக்கொண்ட முறை எதுவும் இல்லை. 1943-இன் நாக்பூர்த் திட்டமும் சாலைகளைத் தேசிய, மாநில, மாவட்ட, கிராமச் சாலைகள் என்று வகைப்படுத்தி, நூறு சதுர மைலுக்கு எத்தனை மைல் வேண்டும் என்றுதான் இலக்கு வைத்தது. நீளத்தை எண்ணுகிற நிர்வாகப் பழக்கம் அங்கேயே கெட்டிப்பட்டது. சட்டமன்றங்களிலும் மாநகராட்சி மன்றங்களிலும் இன்றுவரை பெருமையாக வாசிக்கப்படுவது கிலோமீட்டர் கணக்குதான்.

நிலையை அளக்கும் முயற்சி மனித உடம்பிலிருந்து தொடங்கியது என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா நகரத்தருகே சோதனைச் சாலைகள் போட்டு, லாரிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். சாலை ‘கெட்டுவிட்டது’ என்று எப்போது சொல்வது என்ற கேள்வி எழுந்தது. அதற்காக ஒரு குழுவை வண்டிகளில் ஏற்றிப் பல சாலைகளில் அழைத்துப்போய், பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அதே சாலைகளின் மேடுபள்ளம், வெடிப்பு, ஒட்டுப் போட்ட பரப்பு ஆகியவற்றைக் கருவியால் அளந்து மதிப்பெண்ணோடு ஒப்பிட்டபோது, மக்கள் போட்ட மதிப்பெண்ணைப் பெரும்பாலும் தீர்மானித்தது மேடுபள்ளம்தான் என்று தெரிந்தது. வெடிப்பை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, குலுக்கலைத்தான் கண்டுகொண்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, ஒரே ஆளின் தீர்ப்பை அவர்கள் நம்பவில்லை. ஒரே சாலைக்குப் பலர் மதிப்பெண் போட்டார்கள், அவர்களுக்குள் எவ்வளவு வேறுபாடு என்பதும் கணக்கில் வந்தது. உடம்பைக் கருவியாக வைத்துக்கொண்டே தரமான தகவல் எடுக்க முடிந்ததற்கு அதுதான் காரணம்.

அடுத்து வந்தது எந்திரம். இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடத்தில் பிறந்த பம்ப் இன்டக்ரேட்டர் என்னும் ஒற்றைச் சக்கர இழுவண்டியை மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவுக்கு ஏற்றபடி செய்துகொண்டது. ஒரு சட்டத்துக்குள் ஒரு சக்கரம், இரண்டு பக்கமும் பட்டைவில், அதிர்வை அடக்க டேம்பர். ஜீப்பின் பின்னால் கட்டி மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால், சக்கரம் மேலே எழும்பிய தூரத்தையெல்லாம் கூட்டி ஒரு கவுண்ட்டர் காட்டும். கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று விடை வரும். அது ஏன் முப்பதாகவோ முப்பத்தைந்தாகவோ இல்லாமல் 32 என்று கேட்டால், 20 மைலைப் பெருக்கிப் பாருங்கள். எந்திரம் எளிமையானது, முரட்டுத்தனமானது, நம் ஊர் மெக்கானிக் கையாளக்கூடியது. ஆனால் பட்டைவில் தளர்ந்தால், டேம்பரில் எண்ணெய் கசிந்தால், டயரில் காற்று குறைந்தால், ஓட்டுநர் ஆடுமாடுக்காக வேகம் குறைத்தால், விடை மாறிவிடும். சாலை மாறாமலே எண் மாறும். உலகம் முழுவதும் இப்படிப் பலவகை வண்டிகள் பலவகை எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தன. கென்யாவிலும் பிரேசிலிலும், 1977 முதல் 1982 வரை நம் நாட்டிலும், மோசமான சாலையில் வண்டி ஓட்ட எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறது என்று பெரிய ஆய்வுகள் நடந்தன. ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டின் எண்ணோடு சேர்த்துவைக்க வழி தெரியவில்லை.

அதைத் தீர்க்கத்தான் 1982-இல் உலக வங்கியின் ஆதரவோடு பிரேசிலியாவில் ஒரு கூட்டுச் சோதனை நடந்தது. தார், ஜல்லி, மண் என்று 49 சாலைத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, பல நாட்டுக் கருவிகளையும் அவற்றின் மேல் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அளவுகோலும் மட்டக்கருவியும் வைத்து அங்குலம் அங்குலமாகவும் அளந்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் 1986-இல் வெளியான சர்வதேசக் கரடுமுரடு குறியீடு, ஐ.ஆர்.ஐ. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற ஒரு கற்பனைக் காரின் கால்பகுதி அந்த மேடுபள்ளத்தில் எவ்வளவு ஆடும் என்று கணக்கிடுவது அது. கற்பனைக் காருக்கு வில் தளராது, டயர் தேயாது. நிஜக் கருவி எதுவாக இருந்தாலும் அந்த ஒரே அளவுக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம். நம் பம்ப் இன்டக்ரேட்டர் எண்ணையும் ஐ.ஆர்.ஐ.யையும் இணைக்க ஒரு சமன்பாடு இந்தியப் பொறியாளர்கள் நாவில் இன்றும் இருக்கிறது. கருவியின் பிரச்சினை அன்றைக்கு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் பிரேசிலியாவின் உண்மையான சாதனை அந்தக் கற்பனைக் கார் இல்லை. யாருடைய எண் சரி என்று வாதாடிக்கொண்டிருந்தவர்களை ஒரே சாலைத் துண்டின் மேல் கொண்டுவந்து நிறுத்தியதுதான் சாதனை. நாம் குறியீட்டை எடுத்துக்கொண்டோம், அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டோம்.

அது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சிறிய கணக்கு போதும். சாலைக் காங்கிரஸின் 2004-ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, பிட்டுமினஸ் கான்கிரீட் போட்ட சாலையில் அளவு கிலோமீட்டருக்கு 2000 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல சாலை. 2000 முதல் 3000 வரை சுமார். அதற்கு மேல் மோசம். உண்மையில் 2050 காட்ட வேண்டிய சாலையில் கருவி ஐந்து சதவீதம் குறைத்துக் காட்டினால் 1950-க்குக் கீழே வந்துவிடும். சுமார் சாலை நல்ல சாலையாகிவிட்டது. கான்ட்ராக்டருக்குப் பணம் விடுதலையாகும், அல்லது மறுசீரமைப்புப் பட்டியலிலிருந்து அந்தச் சாலை விழுந்துவிடும். இத்தனைக்கும் யாரும் பொய் எழுதவில்லை. காய்கறிக் கடைக்காரரின் தராசுக்குக்கூட எடையளவுத் துறை முத்திரை குத்துகிறது, ஐம்பது கிராம் குறைந்தால் கேட்க ஆளிருக்கிறது. கோடிக்கணக்கான ரூபாயைத் திருப்பிவிடுகிற இந்த எண்ணுக்கு, எடுத்தவரே சொல்வதைத் தவிரச் சாட்சி இல்லாமல் இருந்தது. தமிழ்நாட்டில் பொள்ளாச்சியில் தொடங்கியதுபோல, சாலையின் நிலையைப் பொறுத்தே பராமரிப்புக்காரருக்குப் பணம் என்ற ஒப்பந்த முறை வரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. அங்கே அளவுதான் பில்.

எப்போது அளப்பது என்பதும் அளவின் ஒரு பகுதிதான், அதைப் புனேபோலத் தெளிவாகக் காட்டுகிற ஊர் குறைவு. கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். சாலையின் அடித்தளம் மிகவும் தளர்ந்திருப்பது மழை ஓய்ந்த உடனே. இதை அறிந்துதான், சுமையேற்றிய லாரிச் சக்கரத்தின் கீழ் சாலை எவ்வளவு அமுங்கி எழுகிறது என்று பார்க்கும் பெங்கல்மன் பீம் சோதனையை மழைக்காலம் முடிந்ததும் செய்யச் சொல்கிறது சாலைக் காங்கிரஸின் விதி. வேறு பருவத்தில் செய்தால் ஈரப்பதத்துக்குத் திருத்தம், தார் வெப்பத்தில் இளகுவதால் 35 டிகிரியை அடிப்படையாக வைத்து இன்னொரு திருத்தம். பின் அச்சில் 8170 கிலோ சுமை இருக்கிறதா என்று எடைமேடையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்கள் நம்மவர்கள்தான். ஆனால் நகரம் ஓடுவது வேறு நாட்காட்டியில். ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பல்லக்கு ஊர்வலங்கள் வருவதற்கு முன் சாலைகளில் ஒட்டுப் போடுவார்கள். கணபதி வருவதற்கு முன் மறுபடி. கோடையில் கேபிளுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டுவார்கள். ஒட்டுப் போட்ட மறுவாரம் எடுத்த அளவும், தோண்டுவதற்கு முந்தின வாரம் எடுத்த அளவும் சாலையைப் பற்றிச் சொல்வதைவிட அந்த வாரத்தைப் பற்றியே அதிகம் சொல்லும். தேதியும், அன்றைக்கு முந்திய பராமரிப்பின் பதிவும் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இந்த அளவையெல்லாம் விடுங்கள், ரெகாண்டோவைப் போல் பத்து ஆண்டு உத்தரவாதம் எழுதி வாங்கினால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வலுவான கேள்விதான். சாலை போட்டவரின் பணமே பணயமாக இருக்கும்போது அவரே அக்கறையோடு பார்த்துக்கொள்வார், அரசாங்கம் அளக்க வேண்டிய வேலை மிச்சம். ஆனால் உத்தரவாதம் கேட்பது ஒரே கேள்வி: குழி விழுந்ததா, இல்லையா? குழிக்கு முன்னால் பல ஆண்டுகள் நடக்கிற மெல்லிய வெடிப்பும் அமுங்கலும் அந்தக் கேள்விக்குள் வராது, சரிசெய்யச் செலவு குறைவான காலமும் அதுதான். பத்தாம் ஆண்டு முடிந்த மறுநாள் கேள்வி கேட்க ஆளே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், இன்றைய புனேயில் ஒரு சாலையைப் போட்டவர் ஒருவர், தோண்டியவர் நான்கு பேர். குழி விழுந்தால் கேபிள்காரர் தோண்டினார் என்பார் கான்ட்ராக்டர். தோண்டுவதற்கு முன்பே பள்ளம் இருந்தது என்பார் கேபிள்காரர். ஒப்படைத்த நாளில் சாலை எப்படி இருந்தது என்ற நம்பகமான பதிவு இல்லாமல் இந்த வழக்கை யாராலும் தீர்க்க முடியாது. இப்போது ஒப்பந்தங்களில் எல்லாம் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒரு பிரிவு இருக்கத்தான் செய்கிறது. அது பல இடங்களில் காகிதத்தோடு நிற்பதற்கு நேர்மையின்மை ஒரு காரணம் என்றால், நிரூபிக்க அளவில்லாதது இன்னொரு காரணம். உத்தரவாதம் தகவலின் இடத்தைப் பிடிக்காது, தகவலின் மேல்தான் அது நிற்க வேண்டும். தவிர, உத்தரவாதத்தின் வெற்றிக்குச் சான்றாக ஒரே ஒரு சாலையை அரை நூற்றாண்டாகக் காட்டிக்கொண்டிருப்பதே அந்த வாதத்தின் பலவீனம்.

இன்னொரு சாராருக்கு லேசர் வேன்கள் மேல் நம்பிக்கை. தேசிய நெடுஞ்சாலைகளில் இப்போது லேசரும் முப்பரிமாணக் கேமராவும் ஜி.பி.எஸ்.ஸும் பொருத்திய ஆய்வு வண்டிகள் ஓடுகின்றன. மனிதக் கை படாமல் கணினியே வெடிப்பை எண்ணிவிடும்போது இனித் தகவலில் தவறு எப்படி வரும் என்கிறார்கள். திறந்த நெடுஞ்சாலையில் அவை அருமையாக வேலை செய்கின்றன என்பதில் சந்தேகமில்லை. அதே வேனைக் கர்வே சாலையில் ஓட்டிப் பாருங்கள். தலைக்கு மேல் மெட்ரோ பாலம், ஜி.பி.எஸ். தடுமாறும், படம் ஒரு தெருவில், பதிவு பக்கத்துத் தெருவில் விழலாம். சிக்னலுக்குச் சிக்னல் நின்று நகர்வதால் மேடுபள்ளக் கணக்கு குழம்பும். வேகத்தடையும் பாதாளச் சாக்கடை மூடியும் சாலையின் கரடுமுரடாகவே எண்ணப்படும். மரநிழலின் கோட்டை வெடிப்பென்று மென்பொருள் எண்ணலாம், தூசி மூடிய வெடிப்பைக் காணாமல் விடலாம். இவற்றைவிட மோசமானது அடுத்த ஆண்டு வேறு நிறுவனம் வேறு வேனோடு வருவது. நகரத்துச் சாலைகள் எல்லாம் ஒரே ஆண்டில் முன்னேறிவிட்டதாக வரைபடம் காட்டும். மாறியது வேன் மட்டும். ஆரம்ப காலத்துப் பம்ப் இன்டக்ரேட்டரின் தளர்ந்த வில் மென்பொருளுக்குள் குடியேறியிருக்கிறது, அவ்வளவுதான். வில் தளர்ந்ததை மெக்கானிக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். இதைச் சொல்ல ஆளில்லை.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம் என்பதுதான் ஆறுதல். சாலைக்குத் தானாகக் குணமாகும் சக்தி கிடையாது. சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு ஒரு சாலை நன்றாக இருக்கிறது என்று அறிக்கை சொல்கிறது, இடையில் அங்கே பராமரிப்பு நடந்ததற்குப் பில் இல்லை என்றால், இரண்டில் ஓர் அளவு தவறு. பில் இருந்தும் சாலை முன்னேறவில்லை என்றால் ஒன்று அளவு தவறு, அல்லது பில் பொய். இந்த ஒப்பீட்டுக்குப் பழைய ஆண்டின் எண் சிதையாமல் இருக்க வேண்டும், நிலை அறிக்கையும் பில் புத்தகமும் ஒரே மேசைக்கு வர வேண்டும். அமெரிக்காவில் 2017-இல் வந்த மத்திய விதி ஒன்று, மாநிலங்கள் சாலை நிலைத் தகவலுக்கென்றே எழுத்தில் ஒரு தர நிர்வாகத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது. வேலை தொடங்குமுன் கருவியையும் ஆட்களையும் சோதித்துச் சான்றளிக்க வேண்டும், எவ்வளவு பிழையை ஏற்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும், மாதிரி பிடித்துச் சரிபார்க்க வேண்டும். வேலையின் நடுவே, விடை ஏற்கெனவே தெரிந்த சாலைத் துண்டுகளில் வண்டியை ஓட்டிப் பார்ப்பது அங்கே வழக்கமான முறை. இதில் புதுமை என்ன இருக்கிறது? மேலதிகாரி போய் மறுபடி அளந்து பார்த்த நம் எம்-புக்தான் வேறு உடுப்பில் வந்திருக்கிறது. நம் நாட்டிலேயே 2000-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் மூன்று அடுக்குத் தரக் கண்காணிப்பு இருக்கிறது. பணி செய்பவரின் சோதனை முதல் அடுக்கு, மாநிலக் கண்காணிப்பாளர் இரண்டாவது, வேறு மாநிலத்திலிருந்து வருகிற தேசியக் கண்காணிப்பாளர் மூன்றாவது. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் டேப்பும் கடப்பாறையுமாக வந்து, சாலை ஓரத்தில் ஒரு குழி வெட்டி, ஜல்லியின் கனத்தை அளந்து பார்க்கிறார். கிராமத்து மூன்றேமுக்கால் மீட்டர்ச் சாலைக்குக் கிடைத்திருக்கிற இந்த இரண்டாவது கை, மாநகரத்துச் சாலையின் நிலை அறிக்கைக்கு இன்னும் உரிமையோடு கிடைக்கவில்லை.

குழி கண்ணுக்குத் தெரிகிறதே, அதற்கு எதற்கு அளவு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 2024-இல் புனே வந்துபோன குடியரசுத் தலைவரின் அலுவலகமே சாலைகளின் மோசமான நிலை பற்றிப் புனே காவல்துறைக்கு எழுதியது, அது மாநகராட்சிக்குப் போனது. ஒட்டாவா சோதனைக் குழுவினரின் மதிப்பெண்போல, அதுவும் உடம்பு கொடுத்த தகவல்தான், சந்தேகப்படத் தேவையில்லை. ஆனால் அந்தத் தகவல், குடியரசுத் தலைவர் எந்தப் பாதையில் போனாரோ அந்தப் பாதைக்கு மட்டும்தான். புகார் வருகிற சாலை பழுதுபார்க்கப்படும், புகார் சொல்லத் தெம்பில்லாதவர்கள் வசிக்கிற சாலை விடுபடும். செயலியில் வருகிற குழிப் படங்களுக்கும் இதே குணம் உண்டு. அதே ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி, புதவார் பேட்டில் நகரத் தபால் நிலைய வளாகத்தில், மாநகராட்சியின் சாக்கடை சுத்தம் செய்யும் லாரி ஒன்று தரை பிளந்து அப்படியே உள்ளே இறங்கிப்போனது. ஓட்டுநர் குதித்துத் தப்பினார். மேலே பேவர் பிளாக் பரப்பிய தளம், கீழே பழைய கிணறு இருந்ததாகச் சொன்னார்கள். அந்த இடத்தை முந்தின நாள் கண்ணால் பார்த்திருந்தாலும் லேசரால் அளந்திருந்தாலும் நல்ல தளம் என்றுதான் எழுதியிருப்பார்கள். மேற்பரப்பு அளவுகள் பயனற்றவை என்பதற்கு இதை உதாரணமாக்குவது சரியாகாது. ஒவ்வோர் அளவும் எதை அளக்கவில்லை என்பதையும் அறிக்கையிலேயே சொல்ல வேண்டும் என்பதற்கான உதாரணம் இது. பேட் எனப்படும் பழைய நகரப் பகுதிகளின் அடியில் பழைய கிணறுகளும் கால்வாய்களும் இருக்கிற ஊரில், மேல்பரப்பு எண்ணோடு அடித்தளச் சோதனை எப்போது நடந்தது, நடந்ததா என்ற பத்தியும் இருந்தாக வேண்டும்.

செலவைச் சொல்லி இதைத் தள்ளிப்போடுவது எளிது. அளக்கிற காசில் நாலு குழியை அடைக்கலாமே என்பது மன்றத்தில் கைதட்டல் வாங்குகிற பேச்சு. ஆனால் பிரேசிலியாவின் பெரிய சோதனையிலேயே கடைசித் தீர்ப்பு சொன்னவை அளவுகோலும் மட்டக்கருவியும்தான். ஒவ்வொரு பொறியியல் கல்லூரியின் சர்வே அறையிலும் அவை கிடக்கின்றன. 1854-இல் ஓவர்சியர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிய கல்லூரி ஜங்லி மகராஜ் சாலைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. பேட்டில் ஒன்று, ஹடப்ஸரில் ஒன்று, கோத்ரூடில் ஒன்று, சிங்ககட் சாலையில் ஒன்று என்று சில நூறு மீட்டர்த் துண்டுகளைக் குறித்துவைத்து, மழை ஓய்ந்ததும் அக்டோபரில் மாணவர்களை விட்டு மட்டம் பிடிக்கச் சொல்லலாம். வேன் வருகிற அன்று அந்தத் துண்டுகளிலும் ஓட்டச் சொல்லி, இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் அறிக்கையை வாங்கிக்கொள்வது என்று டெண்டரில் ஒரு வரி சேர்க்கலாம். அந்தத் துண்டுகள் எவை என்று வேன்காரருக்கு முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பது நல்லது. அவற்றில் ஜங்லி மகராஜ் சாலையையும் ஒன்றாக வைத்து, ஓரிரண்டு இடத்தில் துளையிட்டு அடுக்குகளின் கனத்தையும் தாரின் அளவையும் ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிட்டால், 1976-இல் என்ன செய்தார்கள் என்பதில் ஒரு பாதியாவது இப்போதும் தெரிந்துகொள்ளலாம்.